நாலு மாடித் தயிர்

சுண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். கோர்ட்டில் அப்படித்தான் முடிவானது. ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் அவளை அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். எட்டு வயதுப் பெண்ணுக்கு இந்த ஏற்பாடு அப்பாவைவிட நன்றாகவே புரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவன் ஏதாவது தப்பாகச் சொன்னால், "வர்ற வெள்ளி இல்லப்பா, அதுக்கு அடுத்தது" என்று திருத்துவாள்.

பிறந்த புதிதில் அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அதனால் வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு நல்ல பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் யாரும் அதை எடுத்ததில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த நகரத்தில் உயரமான கட்டடங்களில் பாதிக்கு மேல் அவன் கைபட்ட லிஃப்டுகள்தான் ஓடின. ஆனால் பிரிந்து வந்த பிறகு அவனுக்கு அமைந்த வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்களுக்கு இது பல நாள் சிரிப்புக்குப் போதுமானதாக இருந்தது. அவனும் கூடச் சிரித்துவைத்தான். ஒரே அறை. அதை ஒட்டி ரயில்பெட்டி மாதிரி நீளமாக ஒரு சமையலறை. ஜன்னலுக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கம், பஸ் ஸ்டாப். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. ஓடும்போது உறுமும், நிற்கும்போது உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்த சுண்டு, அதற்குக் குளிர்கிறதோ என்று கேட்டாள்.

கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் பெரிய சண்டை என்று எதுவும் நடந்திருக்கவில்லை. குடி இல்லை, கை நீட்டியது இல்லை, வேறொரு ஆள் இல்லை. விசாரித்தவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம்கூட இல்லாமல் இருவருமே சங்கடப்பட்டார்கள். எங்கேயாவது ஒரு லிஃப்ட் நடுவில் நின்றுவிடும், உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருப்பார்கள், அவன் ஓடுவான். சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போயிருக்கிறான். சுண்டுவின் பிறந்தநாளில் மெழுகுவத்தி ஏற்றிய பிறகு போயிருக்கிறான். போகாமல் இருக்க முடியாத வேலைதான், அது மனைவிக்கும் தெரியும். ஆனால் வருஷக்கணக்கில் ஒருவருக்காகச் சாப்பாட்டை மூடிவைத்துக்கொண்டே இருப்பதில் ஒரு களைப்பு வந்துவிடுகிறது. அந்தக் களைப்புக்கு மருந்துக்கடையில் வேலை பார்த்த அவளிடமே மருந்து இல்லை.

தனி வீட்டுக்கு வந்த பிறகு சுண்டு தங்கிய முதல் சனிக்கிழமை காலையில் அவன் முட்டையும் ரொட்டியும் செய்து வைத்தான். அவள் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே, மாடித் தயிர் கிடையாதா என்று கேட்டாள்.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மொட்டை மாடியில் வைக்கிற தயிரா என்று கேட்டான். சுண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டு விளக்கினாள். கண்ணாடி கிளாஸில் கீழே பழம், அதற்கு மேல் தயிர், அதற்கு மேல் வறுத்த ஓட்ஸ், மறுபடியும் பழம், தயிர் என்று அடுக்கி அம்மா தருவாள். அதற்கு பர்ஃபே என்று ஒரு பெயர் இருக்கிறது. சின்ன வயதில் அவள் வாயில் அது நுழையவில்லை. கிளாஸின் பக்கவாட்டில் அடுக்கு அடுக்காகத் தெரிந்ததைப் பார்த்து, அப்பா வேலை செய்கிற கட்டடம் மாதிரி மாடி மாடியாக இருக்கிறது என்று சொன்னாளாம். அன்றிலிருந்து அது மாடித் தயிர். காலையில் அம்மா கேட்பாள், "எத்தனை மாடி?" இவள் சொல்வாள், "நாலு மாடி." பரீட்சை நாளில் மட்டும் அஞ்சு.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுடைய வேலையை வைத்து அவனுடைய வீட்டில் ஒரு பேச்சு தினமும் புழங்கியிருக்கிறது. அது அவனுக்குத் தெரியவே இல்லை. அவர்கள் எழுந்து வருவதற்குள் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பான்.

"அடுத்த தடவை பண்ணித் தரேன்" என்றான்.

சொன்னபடியே செய்தான். ஆனால் கையில் கிடைத்ததை வைத்துச் செய்தான். வீட்டில் கண்ணாடி கிளாஸ் இல்லை. ஸ்டீல் டம்ளரில் வாழைப்பழத்தை வெட்டிப் போட்டு, பாக்கெட் தயிரை ஊற்றி, கார்ன்ஃப்ளேக்ஸைக் கொட்டி, மேலே திராட்சையை வைத்தான். சுண்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஸ்டீல் டம்ளர்ல போட்டா மாடி எப்படிப்பா தெரியும்?"

தெரிந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. உள்ளே எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து குழம்பிக் கிடந்தது. அவள் பாதிவரை சாப்பிட்டுவிட்டு, பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கிறது, வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்னாள். அந்தப் பரவாயில்லைதான் அவனைக் குத்தியது. யாரோ ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போன இடத்தில் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னாள். நன்றாக இல்லை என்று டம்ளரைத் தள்ளிவிட்டிருந்தால் அவன் சந்தோஷப்பட்டிருப்பான்.

இடைப்பட்ட நாட்களில் நேரான, உயரமான கண்ணாடி கிளாஸ் இரண்டு வாங்கினான். ஓட்ஸ், தேன், ஸ்ட்ராபெர்ரி, ஒரு மாம்பழம். வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டிய கிரீஸை சோப்புப் பொடி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஃபோனில் ஒரு பெண்மணி செய்துகாட்டுவதைப் பார்த்துப் பழகிக்கொண்டான். அந்தப் பெண்மணியின் சமையலறையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. கெட்டுப்போனவற்றை அவனே நின்றபடி சாப்பிட்டான். அடுத்த முறை சுண்டு வந்தபோது, காலையில் தடுமாறக் கூடாது என்று வெள்ளிக்கிழமை மாலையே அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டான். வைக்கும்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. விடிந்து எடுத்தால் ஓட்ஸ் ஊறிக் கூழாகிவிட்டது, ஸ்ட்ராபெர்ரியின் சாயம் தயிருக்குள் இறங்கிவிட்டது, கிளாஸின் அடியில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

"மாடியெல்லாம் இடிஞ்சு போச்சுப்பா" என்று சுண்டு வருத்தத்தோடு சொன்னாள். அவனுக்கு ஆறுதலாக, அம்மாவும் ஒரு தடவை இடித்திருக்கிறாள் என்றாள். அது பொய் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் மதியம், ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், டப்பாவை மூடி வைத்துவிட்டு சுண்டுவின் அம்மாவுக்கு ஃபோன் செய்தான்.

பிரிந்த பிறகு அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் சுண்டுவின் காய்ச்சல், பள்ளிக்கூடம், எத்தனை மணிக்கு வரட்டும் என்பது மாதிரியான பேச்சுகள்தான். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை நீ என்றுதான் பேசுவான், அவள் அவனை நீங்க என்பாள். கோர்ட்டு வராந்தாவில் நின்ற நாளிலிருந்து அவனுக்கு நீ என்று சொல்ல வாய் வரவில்லை. நீங்க என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் இருந்தது. அதனால் நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல், வாக்கியங்களை எப்படியோ வளைத்து நெளித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியாது.

அவள் எடுத்தவுடன், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. அந்த மாடித் தயிர் எப்படிப் பண்றதுன்னு கேக்கலாம்னு."

 கடையின் கதவு திறந்து மூடுகிற மணியோசை கேட்டது. ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு அவள் யாரிடமோ பேசினாள். வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்னால், தூக்கம் வருகிற மாதிரி இருந்தால் வண்டி ஓட்டாதீர்கள் என்றாள். முன்பின் தெரியாத ஒருவரிடம் அவள் அவ்வளவு பொறுமையாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அவன் ஃபோனைக் காதோடு ஒட்டிப் பிடித்திருந்தான். அந்த ஆள் இன்னும் ஒரு சந்தேகம் கேட்கட்டும் என்று நினைத்தான். கேட்டார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

திரும்பி வந்து சொல்லிக்கொடுத்தாள். தயிரை அப்படியே போடக் கூடாது. மெல்லிய துணியில் கட்டி, ஒரு பாத்திரத்துக்கு மேல் வைத்து, ஃபிரிட்ஜில் வடியவிட வேண்டும். இவ்வளவு தண்ணீரா என்று ஆச்சரியமாக இருக்கும். தேனை வடிந்த பிறகுதான் கலக்க வேண்டும். ஓட்ஸைக் கொஞ்சம் வெண்ணெயில், அடுப்பைக் குறைத்து வைத்து, வாசனை வரும்வரை வறுத்து, தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட வேண்டும். சூடாகப் போட்டால் வேர்த்து நமுத்துவிடும். பழத்தைக் கழுவினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். வெட்டுவது கடைசியில்.

"முக்கியமா, முன்னாடியே பண்ணி வைக்கக் கூடாது" என்றாள். "அவ வந்து உக்காந்தப்புறம்தான் அடுக்கணும். அவ பாத்துட்டே இருக்கணும். பாதி ருசி அதுலதான் இருக்கு."

அவன் சரி சரி என்று கேட்டுக்கொண்டான்.

"அப்புறம், தயிர்ல ஒரு சிட்டிகை உப்பு."

"உப்பா?"

"ஆமா. உப்பு போட்டாத்தான் இனிப்பு தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல் சொன்னாள், "நீங்க ஒருநாளும் சாப்பிட்டதில்ல இல்ல."

"எனக்கும் வைப்பியா நீ?"

சொன்ன பிறகுதான் வாயிலிருந்து நீ வந்துவிட்டதை உணர்ந்தான். அவளும் உணர்ந்திருக்க வேண்டும். அவன் திருத்தப்போனான். அதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"வெச்சிட்டுதான் இருந்தேன். கொஞ்ச நாள். அப்புறம் அதையும் சுண்டுவே சாப்பிட ஆரம்பிச்சிட்டா."

மறுபடி கடைக் கதவின் மணி அடித்தது. ஃபோனை வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு வைத்தாள். அவன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். எதிரே லிஃப்டை இழுக்கிற பெரிய சக்கரம் சுற்றி நின்றது, திருப்பிச் சுற்றி நின்றது. கீழே யார் யாரோ ஏறிப் போனார்கள், இறங்கி வந்தார்கள்.

அடுத்து சுண்டு வந்த வெள்ளிக்கிழமை அவன் சனிக்கிழமைக்கு லீவு சொல்லியிருந்தான். அவசரத்துக்கு அழைத்தால் கூட வேலை பார்க்கிற மீசை அண்ணன் போவதாக ஏற்பாடு. தயிரைத் துணியில் கட்டி வைத்தான். காலையில் பார்த்தால் பாத்திரத்தில் நிஜமாகவே அவ்வளவு தண்ணீர். துணியில் இருந்தது வெண்ணெய் மாதிரி கெட்டியாக, கரண்டியை நிறுத்தினால் நின்றது. ஓட்ஸை வறுத்து ஆறவைத்தான். ஸ்ட்ராபெர்ரிகளைத் துண்டில் உருட்டித் துடைத்தான்.

சுண்டு பல் தேய்த்துவிட்டு வந்து நாற்காலியில் முட்டி போட்டு ஏறிக்கொண்டாள்.

"எத்தனை மாடி?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"நாலு."

மாம்பழம். அதன் மேல் தயிர். ஓரத்தில் கரண்டியின் முதுகால் தடவித் தடவி, கண்ணாடியில் ஒட்டாமல் சமமாக இறக்கினான். லிஃப்டுக்கு இழுவிசை பார்த்து வடக்கயிறு மாட்டுகிற கைக்கு இது பழக்கமான நிதானம்தான். ஓட்ஸ். ஸ்ட்ராபெர்ரி. மறுபடியும் தயிர், மறுபடியும் ஓட்ஸ், உச்சியில் ஒரே ஒரு முழு ஸ்ட்ராபெர்ரி. சுண்டு கன்னத்தை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தாள். ஒரு கோடுகூடக் கலையவில்லை. ஒரு கணக்குக்கு நாலு மாடி, இன்னொரு கணக்குக்கு ஆறு. எதை மாடியாகக் கணக்கு வைப்பது என்பது தாயும் மகளும் மட்டும் அறிந்த விஷயம். நாலுதான் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள்.

நீளமான ஸ்பூனை அடிவரைக்கும் இறக்கி எடுத்துச் சாப்பிட்டாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"அப்படியே அம்மா பண்ற மாதிரி இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள்.

அவனுக்கு உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். ஸ்பூன் கிளாஸுக்குள்ளேயே நின்றிருந்தது.  பிறகு கண் நிறைந்து, சத்தமில்லாமல் வழிந்தது.

"அம்மாட்ட போணும்."

"நாளைக்குப் போலாம்டா."

"இப்பப் போணும்."

அவன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். என்ன தவறு செய்தோம் என்று முதலில் தேடினான். பிறகு புரிந்தது. தவறே இல்லை. இத்தனை நாள் சரியாக வராதவரை இது அப்பா வீட்டுச் சாப்பாடாக இருந்தது. அவளும் விருந்தாளி மாதிரிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். இன்று சரியாக வந்துவிட்டது. வாயில் வைத்தவுடன் அம்மா வந்துவிட்டாள், நிமிர்ந்து பார்த்தால் அம்மா இல்லை. அந்த ருசிக்கு முன்னால் உட்கார்ந்து அழ வேண்டும் என்று அவனுக்கும் தோன்றியது. குழந்தைக்கு அழ முடிந்தது.

சுண்டுவைக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் அவள் அம்மாவுக்கு ஃபோன் செய்தான். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள். "அழுததும் கூட்டிட்டு வந்தா, அடுத்த தடவை அங்க வரவே யோசிப்பா. நான் வரேன்."

அதுவரை அவள் கேட்டுக்கு உள்ளே வந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் சுண்டுவைக் கீழேயே விட்டுவிட்டு, அவள் படியேறி மறையும்வரை நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அம்மா வரப்போகிறாள் என்றதும் சுண்டுவின் அழுகை நின்றது. அவனுக்குத்தான் கைகால் ஓடவில்லை. கொடியில் காய்ந்த உள்ளாடைகளைச் சுருட்டி அலமாரிக்குள் திணித்தான். கட்டில் விரிப்பை இழுத்துவிட்டான். குளியலறைக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இதை எதற்குத் துடைத்தோம் என்று அங்கேயே நின்றான். சுண்டு முகம் கழுவிக்கொண்டு ஜன்னலில் காவல் நின்றாள். பஸ் வந்து நின்றதும், அம்மா இறங்கிட்டா, ரோட்டைத் தாண்டிட்டா, பையைத் தோள் மாத்திட்டா என்று ஒவ்வொன்றாகச் செய்தி வாசித்தாள்.

அவள் மூச்சு வாங்கியபடி வாசலில் நின்றாள். கடைக்குப் போடுகிற வெளிர்நீலச் சட்டை இல்லாமல் அவளைப் பார்த்து வெகு நாளாயிற்று.

"லிஃப்ட் மெக்கானிக் வீடு இதுதானே?" என்று கேட்டாள்.

"இதுதான். படியேறித்தான் வரணும்" என்றான்.

சுண்டு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் முகத்தைப் புதைத்திருந்தாள். பிறகு கையைப் பிடித்து இழுத்துப்போய் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சுற்றிக் காட்ட அதிகம் இல்லை. அவள் எதையும் தொடவில்லை, எல்லாவற்றையும் பார்த்தாள். ஒற்றைத் தலையணையைப் பார்த்தாள். சமையலறையில் வடித்த தயிர், ஆறிய ஓட்ஸ், வெட்டாமல் வைத்திருந்த பழங்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி நின்றபோது மட்டும் திடுக்கிட்டாள்.

"அப்பா, அம்மாவுக்கும் பண்ணு" என்று சுண்டு உத்தரவு போட்டாள்.

வீட்டில் இரண்டே நாற்காலி. அவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். அவன் இன்னொரு கிளாஸை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தான். எத்தனை மாடி என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டான். அவள் சிரிக்காமல், நாலு போதும் என்றாள். அவன் கை அடுக்குவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் ஒரே மாதிரி, தலையை ஒரே பக்கம் சாய்த்து. அவன் கரண்டியைத் தயிருக்குள் விட்டு எடுப்பதற்குள் கை வழுக்கிவிடக் கூடாதே என்று பயந்தான்.

அவள் சாப்பிட ஆரம்பித்ததும், சுண்டுவும் தன்னுடைய மிச்சத்தை எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு எங்கே என்று கேட்டாள். மூன்றாவது கிளாஸ் இல்லை. அவன் ஸ்டீல் டம்ளரில் கொஞ்சம் போட்டுக்கொண்டு, தன்னுடைய டூல்ஸ் பெட்டியை இழுத்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். மேசை அவன் நெஞ்சுக்கு மேலே இருந்தது. சுண்டுவுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

அப்போதுதான் அவன் ஃபோன் அடித்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். கம்பெனி நம்பர். சுண்டுவின் அம்மா ஸ்பூனைக் கிளாஸில் சாய்த்துவைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ தடவை செய்து பழகிய அசைவு அது. அவன் எடுத்து, தான் இன்று லீவு என்றும், மீசை அண்ணன் வண்டியோடு தயாராக இருக்கிறார் என்றும், அந்தக் கட்டடத்துச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கும் என்றும் சொல்லிவிட்டு வைத்தான். மறுபடியும் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"போகலயா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு எனக்கு லீவு."

அவள் அவனைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று அவன் நினைத்தான்.  அவள் ஸ்பூனை எடுத்து மறுபடி சாப்பிட்டாள். அடிவரைக்கும், கண்ணாடியில் ஒட்டியதைச் சுரண்டிச் சாப்பிட்டாள்.

"ஓட்ஸ இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்" என்றாள். "ஆனா நல்லா இருக்கு." பிறகு காலி கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "எனக்கு இத யாரும் பண்ணிக் குடுத்ததில்ல."

ஜன்னல் வழியே வெயில் மேசையில் பாதிவரைக்கும் வந்திருந்தது. சுண்டு அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். இதற்குத்தான் ஆசைப்பட்டோம் என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு காலை நேரம், ஒரு மேசை, மூன்று பேர், யாரும் எங்கும் ஓட வேண்டியதில்லை. முன்பு இருந்த வீட்டில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இது வருஷக்கணக்காக இருந்திருக்கிறது. இப்போது வந்து பெட்டிமேல் உட்கார்ந்து பார்க்கிறான்.

இதைக் கேட்கிற எல்லாரும் இந்த இடத்தில் அடுத்து என்ன ஆசைப்படுவார்கள் என்பது தெரிந்ததுதான். சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் மறுபடி சேரவில்லை. அன்றைக்கும் சேரவில்லை, பிறகும் சேரவில்லை.

சேர்த்துவைக்கிற உத்தேசம் சுண்டுவுக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தாயிற்று, வயிறும் நிறைந்தாயிற்று. நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, "சரிம்மா, நீ கிளம்பு" என்றாள். "நாளைக்கு அப்பா கொண்டுவந்து விடுவாரு. இப்ப நாங்க ஆத்துப் பாலத்துக்குப் போறோம், படகு பாக்க."

ஓட்டமாக ஓடிவந்த அம்மாவுக்குக் கிடைத்த மரியாதை இது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள், இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்க்க, இன்னும் வந்தது. சுண்டு, என்ன சிரிப்பு, எதற்குச் சிரிப்பு என்று கேட்டுக் கேட்டுக் கோபித்துக்கொண்டு, ஷூ போடுகிறேன் என்று அறைக்குப் போய்விட்டாள்.

அவள் கிளாஸைக் கழுவ எழுந்தாள். இருக்கட்டும் என்றான். அவள் வற்புறுத்தவில்லை, தொட்டியருகே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்வரைக்கும் அவனும் கூட வந்தான். சாலையைக் கடந்து நின்றால் மேலே சமையலறை ஜன்னல் தெரியும். சுண்டு அதில் தலையை நீட்டி, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று கையைக் காட்டினாள். சனிக்கிழமை என்பதால் ஸ்டாப்பில் வேறு யாருமில்லை. இருவரும் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் தாமதமாக வர வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். அவள் மருந்துக்கடையில் புது ஆள் சேர்ந்திருப்பதைச் சொன்னாள். சுண்டுவுக்குப் பால்பல் ஒன்று ஆடுகிறது, கடினமானதைக் கொடுக்காதீர்கள் என்றாள். அவன் தலையாட்டினான்.

தூரத்தில் பஸ் தெரிந்தபோதுதான் அவனுக்கு வாய் வந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிருக்கலாம் நீ."

இந்த முறை அது தவறி வரவில்லை. அவள் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றாள். "அதான் கிளம்பறேன்."

பஸ் வந்தது. அவள் ஏறி இந்தப் பக்க ஜன்னலோரமாகவே உட்கார்ந்தாள். அவன் கையை உயர்த்தினான். அவளும் உயர்த்தினாள். பிறகு அவள் எதிர்ப்பக்கம் திரும்பிக் குனிந்து, அந்தப் பக்கத்து மாடி ஜன்னலைப் பார்த்துச் சிரித்து, அங்கே கையை ஆட்டினாள். பஸ் நகர்ந்து, திருப்பத்தில் ஒருமுறை விளக்கைச் சிமிட்டிவிட்டு மறைந்தது.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் உட்காராமலே போன ஸ்டாப் பெஞ்சைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியவில்லை. அடுத்த பஸ் வந்து அவன் முன்னால் நின்று, கதவைத் திறந்தது. டிரைவர் குனிந்து பார்த்தார்.

"ஏறலையா சார்?"

"இல்லங்க. சும்மா நின்னுட்டிருக்கேன்."

டிரைவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவை மூடினார். பஸ் விலகியதும் எதிரே மூன்றாவது மாடி ஜன்னலில் சுண்டு கையில் ஒரு ஷூவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றைக் காணோம் என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"கட்டிலுக்கு அடியில பாரு, வரேன்" என்று இவனும் கத்திவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்தான்.